ஓடு மாறிய புனிதை

காளஹஸ்தி மலையில் தன் கண்ணைத் தானே அம்பால் தோண்டி எடுத்தபோது திண்ணனுக்கு வயது 16. நான் சொல்லவில்லை, சேக்கிழார் கணக்கு. இன்றைய சட்டப்படி மைனர். ஓட்டு கிடையாது, லைசென்ஸ் கிடையாது, சிம் கார்டு வாங்கக்கூட அப்பா நாகன் வந்து நிற்க வேண்டும். அந்தப் பையன் வேட்டைக்கு வந்த இடத்தில் மலைமேல் சிவனைப் பார்த்தான், வீட்டுக்குப் போக மாட்டேன் என்றான். வாயில் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம், தலைமுடியில் செருகி வந்த பூவால் அர்ச்சனை, கடித்து ருசி பார்த்துத் தேறிய கறித்துண்டு நைவேத்தியம் என்று ஆறு நாள் தனி ஆட்சி நடத்தினான். முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் தினமும் வந்து எலும்பைப் பொறுக்கிப் போட்டு, இடத்தை அலம்பிவிட்டு, கடைசியில் சிவனிடமே புகார் கொடுத்தார். சிவன், ‘மறைந்து நின்று பார்’ என்றார். அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு கண் போயிற்று, இரண்டாவது கண்ணுக்கு அம்பு ஏறும்போது சாமியே கையைப் பிடித்தது. திண்ணன் கண்ணப்பன் ஆனான்.

இங்கே கவனிக்க வேண்டியது, பையனுக்கு முறை தெரியாது, மந்திரம் தெரியாது, சிபாரிசும் கிடையாது. கோப்பு சுத்தமாக வைத்திருந்தவர் சிவகோசரியார். மலைமேல் தனிக் கோயில் இருப்பதோ கண்ணப்பனுக்கு.

சித்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் பொதுவாகவே பட்டியல், பதிவேடு இவற்றின்மேல் பெரிய மரியாதை கிடையாது. காரணம் உண்டு. கண்ணப்பனின் மலை ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதற்கு மாறியது. 1953-இல் ஆந்திரத்துக்குப் போனது, 1956-இல் ஆந்திரப் பிரதேசம் என்று பெயர் நீண்டது. 2022 ஏப்ரல் 4 அன்று, பொழுது விடிந்து பார்த்தால் திருப்பதி மாவட்டம். நடுவில் ம.பொ.சி. திருப்பதி வரை வேண்டும் என்று கேட்டார். 1960-இல் திருத்தணியோடு பங்கு முடிந்தது. இத்தனைக்கும் மலை ஏதாவது சொன்னதா? இல்லை. கீழே பொன்முகலி ஆறு தண்ணீர் இருந்தால் ஓடியது, இல்லாவிட்டால் மணலாகக் கிடந்தது.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பழைய ரோமாபுரியின் குழந்தை வேதசாட்சிகள் கதையைப் படித்தால் ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது, இன்னொரு பக்கம் நம்ம வீட்டுக் கதைதானே என்று தோன்றுகிறது.

உள்ளூர்க் கிறிஸ்தவர்களிடம் விசாரிக்கலாம் என்றால் அதில் ஒரு சிக்கல். இங்கே கிறிஸ்தவத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ஸ்கட்டர் குடும்பம். அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவியவர்கள். வேலூர், சித்தூர், மதனப்பள்ளி என்று பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். ஆனால் கறார் பேர்வழிகள். சொரூபம் கிடையாது, தேர் கிடையாது, புனிதரிடம் மனு போடுவது கிடையாது. எதுவாக இருந்தாலும் நேராகத் தலைமை அலுவலகத்துக்குத்தான். ஆகவே அந்த வழி வந்த வீடுகளில் குழந்தைப் புனிதர் யார் யார் என்று கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கத்தோலிக்க வீட்டுக்குப் போனால்தான் டிசம்பர் 28 என்று பதில் வரும். மாசில்லாக் குழந்தைகள் திருநாள்.

அது ஏரோது கதை. நம்மூர்க் கம்சனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, அது ராஜாவாகும் என்று செய்தி வருகிறது. கம்சனாவது முகவரி தெரிந்து வைத்திருந்தான், தேவகியின் பிரசவ அறை வாசலிலேயே காத்திருந்தான். ஏரோதிடம் முகவரி இல்லை. பெத்லகேமிலும் சுற்று வட்டாரத்திலும் 2 வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் எல்லோரும் என்று ஆணை போட்டான். மத்தேயு இதைச் சொல்லிவிட்டு, எத்தனை குழந்தைகள் என்று எழுதாமல் நகர்ந்துவிடுகிறார். அங்கே பிடித்தது வினை. எண்ணிக்கை எழுதாமல் விட்ட இடத்தைப் பின்னால் வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? கிரேக்க வழிபாட்டில் அது 14,000 ஆயிற்று. சிரியாக்காரர்கள் 64,000 என்றார்கள். இடைக்கால ஐரோப்பாவில் 1,44,000 வரை போய்விட்டது. பெத்லகேம் அன்றைக்கு ஒரு சின்னக் கிராமம். அந்த வயதில் ஆண் குழந்தைகள் இருபதைத் தாண்டியிருக்காது என்று பின்னாளில் கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். கட்சி மாநாட்டுக் கூட்டத்தைக் கட்சிக்காரர் எண்ணுவதற்கும் போலீஸ்காரர் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். என்ன, இங்கே எண்ணப்படுவது பிணங்கள். ஒன்றே ஒன்று என்றாலும் பெற்றவளுக்கு அது 1,44,000தான். அதனால் சண்டை போட வேண்டாம். அதே நாளை ஸ்பெயின்காரர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிச் சிரிக்கும் நாளாக, நமது ஏப்ரல் 1 மாதிரி, கொண்டாடுகிறார்கள். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அடுத்தவர் குரியாக்கோஸ். கோட்டயம் பஸ் ஸ்டாண்டில் நின்று இந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஐந்தாமவர் போனில் இருப்பதால் திரும்பியிருக்க மாட்டார். 2014-இல் புனிதர் பட்டம் பெற்ற சாவறைப் பாதிரியாரின் பெயரும் அதுதான். இத்தனை மீசைக்காரர்களுக்குப் பெயர் கொடுத்தவருக்கு வயது 3. அம்மா யூலித்தா, இக்கோனியாவிலிருந்து கைக்குழந்தையோடு தப்பித் தார்சு நகரத்துக்கு வந்தவள். 304 வாக்கில், டயோக்ளீசியன் சக்கரவர்த்தி காலத்தில், அங்கே ஆளுநர் அலெக்சாந்தர் முன்னால் அவளை நிறுத்தினார்கள். அம்மாவை அடிக்கும்போது பையனை ஆளுநர் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சப் பார்த்தார். நம் வீட்டில் 3 வயதுப் பிள்ளை இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். முகத்தைப் பிறாண்டி வைத்தான், நானும் கிறிஸ்தவன் என்று கத்தினான். ஆளுநர் அவனைப் படிக்கட்டில் வீசினார். முடிந்தது.

கதை இவ்வளவில் நின்றிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. பிறாண்டல் என்பது நம்பக்கூடிய விஷயம். ஆனால் பெரியவர்களுக்கு அது போதவில்லை. பால்குடி மறந்த பையன் வாயில் இறையியல் சொற்பொழிவுகளை ஏற்றி ஒரு பெரிய வரலாறு எழுதிவிட்டார்கள். 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்த, ஜெலாசியுஸ் பாப்பரசர் பெயரில் வழங்கும் பட்டியல் ஒன்று, இந்தப் புத்தகத்தைக் கோயிலில் படிக்காதீர்கள், யார் எழுதியதென்றே தெரியவில்லை என்று ஒதுக்கி வைத்தது. புத்தகம் ஒதுங்கியது, பையன் ஒதுங்கவில்லை. சார்லமேன் சக்கரவர்த்தி கனவில் வந்தான். காட்டுப்பன்றி துரத்துகிறது, உடம்பில் துணியில்லாத ஒரு சின்னப் பையன் எதிரே நின்று, எனக்கு உடுக்கத் துணி கொடு, காப்பாற்றுகிறேன் என்கிறான். காலையில் விளக்கம் கேட்டபோது நெவேர் நகரத்து ஆயர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: அந்தப் பையன் எங்கள் கோயில் புனிதர்தான் மகாராஜா, துணி என்றால் கூரை, எங்கள் கோயில் கூரை ஒழுகுகிறது. எஸ்டிமேட் பாஸாக இதைவிடச் சுருக்கமான வழி எந்தப் பொதுப்பணித் துறையிலும் கிடையாது. பிரான்சில் இன்றும் அந்தப் புனிதரைப் பன்றிமேல் சவாரி செய்யும் அம்மணக் குழந்தையாகத்தான் வரைகிறார்கள்.

தர்சீசியுஸ் கதை இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டுக் கோயில்களில் பீடச்சிறுவர்களுக்கெல்லாம் பாதுகாவலர் இவர்தான். நற்கருணையை மறைத்து எடுத்துப் போகும்போது கும்பல் அடித்துக் கொன்ற சிறுவன் என்று படம் போட்டிருப்பார்கள். இவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய ஆதாரம் ஒன்றே ஒன்று: 4-ஆம் நூற்றாண்டில் தமாசுஸ் பாப்பரசர் கல்லறைக்கு எழுதிக் கொடுத்த சில வரிகள். அதில் வயது இல்லை. போதாக்குறைக்கு ஸ்தேவானோடு ஒப்பிட்டிருக்கிறது, ஸ்தேவானோ திருத்தொண்டர். ஆக இவரும் குடும்பப் பொறுப்புள்ள, தாடி வைத்த ஆளாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1854-இல் கர்தினால் வைஸ்மன் ‘ஃபபியோலா’ என்று ஒரு நாவல் எழுதினார், அதில் தர்சீசியுஸ் சின்னப் பையன். அதன்பிறகு அவருக்கு வயது ஏறவே இல்லை. நாவலாசிரியர் நினைத்தால் மார்க்கண்டேயர் ஆவதற்கு எமனோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

இவர்களெல்லாம் ஓரம். நான் சொல்ல வந்தது பிலோமினாவை.

தமிழ்நாட்டில் படித்தவர்கள் யாராக இருந்தாலும் வாழ்க்கையில் ஒரு பிலோமினா டீச்சரிடமாவது கையை நீட்டி ஸ்கேலால் வாங்கியிருப்பார்கள். வாங்காதவர்கள் ஒரு பிலோமினா சிஸ்டரிடம் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். மலையாளப் படம் பார்க்கிறவர்களுக்கு ‘காட்ஃபாதர்’ ஆச்சம்மாவைத் தெரியும், அந்த அம்மாளும் பிலோமினாதான். இவ்வளவு பேரும் எந்தப் பிலோமினாவின் பெயரைச் சுமக்கிறார்கள் என்று தேடிப் போனால், மூன்று சுட்ட மண் ஓடுகளில் வந்து நிற்கிறோம்.

1802 மே மாதம். ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறைகளில் தோண்டுகிறார்கள். சுவரில் ஒரு மாடத்தை மூன்று ஓடுகளால் அடைத்திருக்கிறது. உள்ளே 12, 13 வயதுப் பெண்ணின் எலும்புகள், பக்கத்தில் ஓர் உடைந்த கண்ணாடிக் குப்பி. ஓடுகளில் நங்கூரம், அம்பு, குருத்தோலை வரைந்திருக்கிறது. எழுத்தும் இருக்கிறது. முதல் ஓட்டில் ‘லுமேனா’, அடுத்ததில் ‘பாக்ஸ் தே’, மூன்றாவதில் ‘கும் ஃபி’. லத்தீன் தெரிந்தவர்களுக்கும் புரியவில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு சுவரில் ‘ணப்பா’, ‘நீ’, ‘வாழ்க கண்’ என்று மூன்று பலகை தொங்குகிறது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு முதல் பலகையைக் கழற்றிக் கடைசியில் மாட்டினால் ‘நீ வாழ்க கண்ணப்பா’. அதேதான் செய்தார்கள். ‘பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா’. உன்னோடு சமாதானம், பிலோமினா. கொத்தனார் படிக்காதவர் போலிருக்கிறது, ஓட்டை மாற்றி வைத்துவிட்டார் என்று முடிவாயிற்று. குருத்தோலை இருப்பதால் வேதசாட்சி. குப்பியில் இருந்தது ரத்தம். தீர்ந்தது விஷயம்.

மூன்று வருஷம் எலும்புகள் பெட்டியில் கிடந்தன. 1805-இல் நேப்பிள்ஸ் பக்கத்து முஞ்ஞானோ என்ற ஊரிலிருந்து பிரான்செஸ்கோ தெ லூச்சியா என்ற பாதிரியார் ரோமுக்கு வந்தார். தன் கோயிலுக்கு ஒரு திருப்பண்டம் வேண்டும், அதுவும் பெயர் தெரிந்த புனிதருடையதாக வேண்டும் என்று அலைந்தார். முதலில் இல்லையென்றார்கள், சிபாரிசு பிடித்தார், கிடைத்தது. ஊருக்குக் கொண்டுபோய் வைத்ததும் அற்புதங்கள் வரிசை கட்டின. கோயில் வந்தது, கூட்டம் வந்தது, ஒன்றே ஒன்றுதான் குறை. கதை இல்லை. தல புராணம் இல்லாத ஸ்தலத்தில் பக்தர் எத்தனை நாள் நிற்பார்? கல்யாணக் கடனுக்கு இன்றைக்கும் குபேரனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பெருமாள் ஊரைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1833-இல் அந்தக் குறையும் தீர்ந்தது. நேப்பிள்ஸில் மரிய லூயிசா என்ற கன்னியாஸ்திரியிடம் பிலோமினாவே தன் வரலாற்றைச் சொன்னாளாம். கிரேக்க நாட்டுச் சிற்றரசன் மகள். 13 வயதில் அப்பா அம்மாவோடு ரோமுக்கு வந்தாள், டயோக்ளீசியன் போர் தொடுப்பதாக மிரட்டியதால் சமாதானம் பேசப் போன பயணம் அது. அவளைப் பார்த்ததும் சக்கரவர்த்தி போரை மறந்துவிட்டுப் பெண் கேட்டார். (வீட்டில் பிரிஸ்கா என்ற பட்டத்தரசி இருந்ததை அவரும் மறந்தார், கன்னியாஸ்திரியும் மறந்தார்.) பெண் மாட்டேன் என்றாள். 40 நாள் சிறை. சாட்டையடி, ஆறிவிட்டது. கழுத்தில் நங்கூரம் கட்டி ஆற்றில் எறிந்தார்கள், தேவதூதர்கள் கயிற்றை அறுத்துவிட்டார்கள், உடை கூட நனையவில்லை. அம்பு எய்தார்கள், புண் மூடிக்கொண்டது. அம்பைக் காய்ச்சி எய்தார்கள், திரும்பிப் போய் வில்லாளிகள் 6 பேரைக் கொன்றது. கடைசியில் கழுத்தை வெட்டினார்கள். ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணி. கிழமை, மணி எல்லாம் ஜாதகம் மாதிரி இருக்கிறது. வருஷம் மட்டும் இல்லை.

கதையைத் திரும்பப் படியுங்கள். நங்கூரம், அம்பு. ஓட்டில் என்னென்ன வரைந்திருந்ததோ அத்தனையும் ஒன்றுவிடாமல் கதைக்குள் வந்து வேலை செய்கிறது. நங்கூரம் பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் நம்பிக்கைக்குச் சின்னம், எந்தக் கல்லறையிலும் காணலாம். ஓட்டில் ஒரு மண்வெட்டி வரைந்திருந்தால் பாவம் அந்தப் பெண் இன்னும் என்னென்ன பட்டிருப்பாளோ.

ஆனால் ஐரோப்பா உருகியது. சாகக் கிடந்த பவுலின் ஜாரிகோ என்ற பிரெஞ்சுப் பெண் 1835-இல் முஞ்ஞானோவுக்குத் தூக்கி வரப்பட்டு, எழுந்து நடந்து போனாள். 1837-இல் பதினாறாம் கிரகோரி பாப்பரசர் திருவிழாவுக்கு அனுமதி கொடுத்தார். ஆர்ஸ் ஊர் பங்குச்சாமியார் ஜான் மரிய வியான்னி, தன்னால் நடந்ததாக மக்கள் சொன்ன எல்லாவற்றையும், நான் இல்லை, பிலோமினா என்று அவள் கணக்கில் எழுதிவிட்டார்.

பிறகு வந்தார் ஓராசியோ மருக்கி, தொல்லியல்காரர். கல்யாண வீட்டில் மொய் நோட்டைச் சரிபார்க்கிற உறவுக்காரர் போன்றவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சொன்னது இது. கொத்தனார் முட்டாளில்லை. அந்த ஓடுகள் அதற்கு முன்னால் வேறொரு கல்லறையை மூடியவை. பழைய ஓட்டை மறுபடி உபயோகிக்கும்போது, பெயர் உள்ளே இருப்பவருடையது அல்ல என்று காட்டத்தான் வேண்டுமென்றே வரிசை கலைத்து வைத்தார்கள். உள்ளே இருந்த பெண் புதைக்கப்பட்டது துன்புறுத்தல் எல்லாம் ஓய்ந்த பிறகு. ஆகப் பெயர் ஒருத்தியுடையது. எலும்பு இன்னொருத்தியுடையது. கதை நேப்பிள்ஸ் கன்னியாஸ்திரியுடையது. மூன்று பேர் சேர்ந்து ஒரு புனிதை. கூட்டுக் குடும்பத்தில் இதெல்லாம் நடக்கிறதுதான் என்று மருக்கிக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ரோம் அவசரப்படவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் யோசித்துவிட்டு, எல்லாக் காலண்டர்களிலிருந்தும் பிலோமினா திருவிழாவை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு போட்டது. தேதி 1961 பிப்ரவரி 14. சக்கரவர்த்தியின் காதலை உதறித் தலையைக் கொடுத்த பெண்ணைக் காதலர் தினமாகப் பார்த்து நீக்கியிருக்கிறார்கள். இதற்கு உள்நோக்கம் எதுவும் இல்லை என்றே நம்புகிறேன். எட்டு வருஷம் கழித்து 1969-இல் வாலன்டைனையும் பொதுக் காலண்டரிலிருந்து எடுத்தார்கள். அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பூக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

உத்தரவு வந்தபோது மைசூரில் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். சித்தூரிலிருந்து பலமநேர், முளபாகல், கோலார், பெங்களூர் வழியாகப் போனால் ஏழெட்டு மணி நேரத்தில் சேரலாம். 1843-இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அங்கே ஒரு சின்னக் கோயில் எழுந்தது. 1926-இல் மகாராஜாவின் செயலாளராக இருந்த தம்பு செட்டி, திருச்சியைப் பெயரிலேயே சுமந்த குடும்பத்துத் தமிழர், பாப்பரசரின் தூதர் பீட்டர் பிசானியிடமிருந்து பிலோமினாவின் திருப்பண்டத்தை வாங்கி வந்து பாதிரியார் கோஷேயிடம் ஒப்படைத்தார். பாதிரியார் மகாராஜாவிடம் போனார். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1933 அக்டோபர் 28 அன்று பெரிய கோயிலுக்கு அடிக்கல் வைத்தார். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைப் பார்த்து வரைந்த திட்டம், 175 அடியில் இரட்டைக் கோபுரம். யோசித்துப் பாருங்கள், இந்து மகாராஜா, தமிழ்ச் செட்டி, பிரெஞ்சுச் சாமியார், ஜெர்மன் பாணி, இத்தாலி எலும்பு, கிரேக்கப் பெயர். இவ்வளவு பேரும் ஒன்று சேர்ந்து கட்டி முடித்த கோயிலுக்கு, கொத்தனார் ஓட்டை மாற்றி வைத்த தகராறில் ஒரு தபால் வருகிறது.

மைசூர்க்காரர்கள் தபாலை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். தனிப்பட்ட பக்திக்கு ரோம் போலீஸ் வைக்கவில்லை. கீழே நிலவறையில் பிலோமினா சொரூபமாகப் படுத்திருக்கிறாள். எல்லா மதத்துக்காரர்களும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மேலே வருகிறார்கள். ஆகஸ்ட் 11 திருவிழா. நான் போனபோது ஒரு பாட்டி அங்கே நின்று வெகுநேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மருக்கி சொன்னதைப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மாள் நெற்றியில் திருநீறு இருந்தது. காளஹஸ்தியில் எலும்பைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த சிவகோசரியார் நினைவுக்கு வரவே வாயை மூடிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அந்தக் கோயிலின் பெயர் பதிவேட்டில் புனித சூசையப்பர், புனித பிலோமினா பேராலயம். சூசையப்பருக்குக் காகிதத்தில் ஒரு குறையும் இல்லை, பைபிளிலேயே இருக்கிறார். ஆனால் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் சூசையப்பர் கோயில் என்று சொல்லிப் பாருங்கள், எந்தத் தெரு என்று உங்களையே திருப்பிக் கேட்பார். பிலோமினா சர்ச் என்று சொல்லுங்கள்.